நீரிழிவும் நெஞ்சழிவும்

நீரிழிவு என்னும் சொல்லைப் பிரித்துப் பொருள் காணின் நீர் இழிதல் என்று வரும். இழிதல் என்பதற்கு இறங்குதல், வழிதல் என்பதே பழம்பொருள். மலையினின்று அருவி இழிகிறது என்று எழுதுகிறோம். அதில் தாழ்வு ஏதும் இல்லை. உடலினின்று நீர் அளவின்றி இறங்குவதைக் கண்ட முன்னோர் கண்டவாறே பெயரிட்டனர். கிரேக்கர் இட்ட 'டயாபிட்டிஸ்' என்னும் பெயரும் ஊடே வழிந்து செல்லுதல் என்னும் பொருளுடையதே ஆகும். ஆயினும் இன்று இழிவு என்னும் சொல் காதில் விழுந்தவுடன் தாழ்வு என்னும் பொருளே முன்வந்து நிற்கிறது. சொல்லுக்கு நேர்ந்ததே நோயுற்றவர்க்கும் நேர்ந்திருக்கிறது எனலாம். உடலில் ஏற்பட்டதொரு மாற்றத்தைத் தம் குணத்தில் ஏற்பட்டதொரு குறையாகவே அவருட் பலர் சுமக்கின்றனர்.

இந்நோயின் உடற்கூறுகளைப் பற்றி மருத்துவத் துறையினர் தமிழிலேயே நிரம்ப எழுதியுள்ளனர். நீரிழிவோடு வாழும் பெரியவர்களின் மனநிலையையும், அவர்க்கு உற்றாரும் மருத்துவரும் ஜமாஅத்தும் அளிக்கத்தக்க மனத்துணையையும் நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை. இதில் தமிழ்த்துறையினர்க்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். நோயாளி தம் துன்பத்தை வெளியிடுவது சொல்லால். அவரைப் புண்படுத்துவதும் பெரும்பாலும் சொல்லே. ஆதலின் நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

நோயின் பரப்பைச் சுட்ட ஓர் ஆய்வு போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நாடு தழுவி நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன்படி நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடியே 10 இலட்சம் பேர். நீரிழிவின் வாயிலில் நிற்போர் மேலும் 13 கோடியே 60 இலட்சம் பேர். இவ்விழா மலரைக் கையில் ஏந்தும் எவர் வீட்டிலும், அடுத்த வீட்டிலும், இந்நோயுடையார் ஒருவரேனும் இருப்பர் என்று கொள்வதில் பிழையில்லை.

பிணியும் இளிவரலும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். அவற்றுள் ஒன்று இளிவரல். தன்னைத் தானே தாழ்ந்ததாக உணர்ந்து குன்றும் நிலை அது. அவ்விளிவரல் தோன்றுதற்குரிய களன்கள் நான்கனுள் மூப்பையும் வருத்தத்தையும் கூறும் ஆசிரியர் பிணியையும் உடன் கூறுகிறார். பிணி அழுகைக்குக் களன், அச்சத்திற்குக் களன் என்று கூறியிருப்பின் வியப்பில்லை. அதனை இளிவரலுக்குக் களனாகக் கூறியதே ஆழ்ந்து நோக்கத்தக்கது. நோயுற்றவன் வலியால் மட்டும் வருந்துவதில்லை; பிறர்முன் தான் குறைந்துவிட்டதாக எண்ணியும் வருந்துகிறான் என்பதை அவர் கண்டிருக்கிறார்.

இக்கால உளவியலார் வேறொரு வழியாக இவ்விடத்திற்கு அருகில் வந்து சேர்ந்தனர். அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் போலன்ஸ்கியும் அவர்தம் குழுவினரும் 1995-இல் நீரிழிவு உடையோரின் மனச்சுமையை அளக்க 20 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். ஒவ்வொரு வினாவுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் உண்டு. கூட்டுத்தொகையை 1.25 ஆற் பெருக்கினால் நூற்றுக்கு இத்தனை என்று வரும். 40-ம் அதற்கு மேலும் வந்தால் சுமை கடுமையானது என்பர். 2005-இல் வந்த மற்றோர் அளவுகோல் இச்சுமையை நான்காகப் பகுத்துக் காண்கிறது. நோயே நெஞ்சை அழுத்துதல், மருத்துவரோடு உள்ள உறவில் நேரும் மனக்குறை, அன்றாட ஒழுங்குகளைப் பேண இயலாத தவிப்பு, சுற்றத்தார் புரிந்துகொள்ளாமை என்பன அந்நான்கு. இவற்றுள் நோயாளியின் உடலுக்குள் இருப்பது எது? மருத்துவரும் சுற்றத்தாரும் வெளியே இருப்பவர்கள் அல்லரோ?

இச்சுமையும் மனச்சோர்வு என்னும் நோயும் ஒன்றல்ல. நாளும் உணவை எண்ணி, மாத்திரையை எண்ணி, காலிற் புண் உண்டா என்று நோக்கி, அடுத்த சோதனையை எண்ணி அஞ்சி, விடுமுறை என்பதே இல்லாத ஒரு வேலையைச் செய்வோர்க்கு வரும் களைப்பு நீரிழிவுச் சுமை. மனச்சோர்வு வாழ்வின் எல்லாப் பக்கங்களையும் மூடும். அதற்குத் தனி மருத்துவம் வேண்டும். நீரிழிவு உடையோரிடத்து மனச்சோர்வு ஏனையோரிடத்தைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு காணப்படுகிறது என்பதை 42 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2001-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று காட்டிற்று. இரண்டும் ஒருவரிடத்தே கூடியிருத்தலும் உண்டு. உள்ளம் உளையுங்கால் உடலில் ஊறும் கார்ட்டிசால், அட்ரினலின் முதலிய சுரப்புகள் குருதியில் சர்க்கரையை ஏற்றுகின்றன. ஏறிய எண்ணைக் கண்டு உள்ளம் மேலும் உளைகிறது. இச்சுழலில் அகப்பட்டவரிடம் "கவலைப்படாதீர்கள்" என்று கூறிவிட்டு அகல்வது, நீரில் மூழ்குவோனிடம் நனையாதே என்பது போன்றது.

சொல்லும் எண்ணும்

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை நாளைக்கு என்றால் இன்று மட்டும் பட்டினி கிடப்பவரை நாம் எல்லோரும் அறிவோம். அந்தச் சோதனையை அவ்வாறு ஏமாற்ற இயலாது என்பது வேறு செய்தி. அகவை ஐம்பதைக் கடந்த ஒருவர், பலர்க்கு ஊதியம் வழங்கும் கடையொன்றின் உரிமையாளர், சோதனைத் தாளை மருத்துவரிடம் நீட்டும்போது தேர்வில் தவறிய மாணவன்போல் ஏன் கூனிக் குறுகி நிற்க வேண்டும் என்பதே நம் வினா. "வாயைக் கட்ட முடியாதா?" "இப்படியே போனால் காலை எடுக்க வேண்டியதுதான்." இவை நோயாளிகள் பலரும் கேட்ட சொற்கள். அச்சுறுத்தினால் திருந்துவர் என்னும் எண்ணம் பழைய பள்ளிக்கூடத்துப் பிரம்பைப் போன்றது. திட்டுக்கு அஞ்சியவர் அடுத்த முறை மருத்துவரிடமே செல்வதில்லை.

ஆஸ்திரேலிய நீரிழிவுச் சங்கம் 2011-இலும், அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2017-இலும், இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுப் பணி 2018-இலும் இது குறித்து மருத்துவர்க்கென்றே சொல் நெறிகளை வெளியிட்டன. 'நீரிழிவு நோயாளி' என்று மனிதரை நோயாற் பெயரிடாமல் 'நீரிழிவு உள்ளவர்' என்பது அவற்றுள் ஒன்று. 'கட்டுப்பாடு இல்லாதவர்' என்று குணத்தைச் சுட்டாமல் 'சர்க்கரை அளவு மிகுந்துள்ளது' என்று அளவைச் சுட்டுவது மற்றொன்று. தமிழில் 'கட்டுப்பாடு இல்லாதவன்' என்பது ஒழுக்கங்கெட்டவனைக் குறிக்கவும் வழங்குதலால், பின்னது நமக்கு மிகவும் வேண்டற்பாலது. மருத்துவச் சொல்லாக்கத்தில் ஈடுபடும் நம் மாணவர்கள், சொல் பொருளைத் தருவதோடு வடுவையும் தரவல்லது என்பதை மனத்திற் கொள்ளுதல் நன்று.

இன்சுலின் ஊசியைப் பற்றிய அச்சமும் இவ்வாறு சொல்லால் விளைந்ததே. "சொன்னபடி கேட்காவிட்டால் ஊசிதான்" என்று ஆண்டுக்கணக்கிற் கேட்டவர்க்கு, ஊசி தண்டனையாகவும் இறுதிக் கட்டமாகவும் தோன்றுவது இயல்பு. உண்மை வேறு. கனடாவின் டொராண்டோ நகரில் 1921-இல் பாண்டிங், பெஸ்ட் என்பார் கண்டறிந்த இம்மருந்து, 1922 சனவரியில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர் அத்தகைய சிறுவர்க்கு மருத்துவ உலகம் அளிக்க முடிந்தது அரைப்பட்டினி உணவு ஒன்றே. பெரியவர்க்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவிலோ, கணையத்தின் ஆற்றல் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்துவருகிறது என்பதை இங்கிலாந்தில் நெடுங்காலம் நிகழ்ந்த ஆய்வு 1990-களில் தெளிவாக்கியது. எனவே முன்பு போதுமானதாய் இருந்த மாத்திரை பின்னர்ப் போதாமற் போவது நோயின் போக்கு. அது நோயாளியின் தோல்வி அன்று. இவ்வொரு செய்தியை நிதானமாக எடுத்துச் சொன்னாலே பலர் நெஞ்சினின்று பெரும்பாரம் இறங்கும்.

உழைச்செல்வார்

திருக்குறளின் மருந்து அதிகாரம் முடியும் இடத்தில் மருத்துவத்தின் கூறுகள் நான்காகக் கூறப்படுகின்றன. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து உதவுபவனை உழைச்செல்வான் என்று வள்ளுவர் குறிக்கிறார். உழை என்பதற்குப் பக்கம் என்பது பொருள். பரிமேலழகர் இவனுக்குரிய இயல்புகளை எண்ணுங்கால் நோயாளியிடத்து அன்புடைமையை முதலில் வைப்பதும், நோயுற்றவனுக்கு உரியவற்றுள் தன் நிலையை எடுத்துரைத்தலை ஒன்றாக வைப்பதும் கருதத்தக்கன. சொல்லுதற்கு ஒருவனும் கேட்டற்கு ஒருவனும் வேண்டும் என்பது இதன்கண் அடங்கியிருக்கிறது.

நம் இல்லங்களில் அன்பிற்குக் குறைவில்லை. ஆனால் அது காவலாக மாறிவிடுகிறது. தட்டில் விழும் ஒவ்வொரு கரண்டியையும் மகன் நோக்குகிறான். தேநீரில் சர்க்கரை உண்டா என்று மருமகள் எட்டிப் பார்க்கிறாள். விருந்தினர் முன்னிலையில் "அத்தாவுக்கு இனிப்பு வைக்காதீங்க" என்று குரல் எழுகிறது. குடும்பத்திற்கே சோறிட்ட மனிதர் தம் சோற்றுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நிலை அது. விளைவு, கடைத்தெருவில் மறைவாக நின்று தின்னுதல். மறைத்துத் தின்பது நாவின் ஆசையால் மட்டும் நிகழ்வதன்று. தம் விருப்பிற்குரிய ஒரு சிறு பரப்பையேனும் காத்துக்கொள்ளும் முயற்சியும் அதில் உண்டு.

மறுபுறத்தில் விருந்து. கடற்கரை ஊர்களில் நால்வர் ஒரு சஹனைச் சூழ்ந்தமர்ந்து உண்ணும் வலீமா விருந்தில், கை குறைவாகச் செல்பவரை மற்ற மூவரும் உடனே கண்டுகொள்வர். "ஒரு நாளைக்குத்தானே காக்கா, சாப்பிடுங்க!" என்பர். மறுத்தால் விருந்தோம்பலை மறுத்தவராவர். இசைந்தால் மறுநாள் அதே சுற்றத்தார் கண்டிப்பர். நெய்ச்சோற்றின் அளவைக் குறைத்து, இறைச்சியையும் காயையும் கூட்டி, வட்டலப்பத்தை ஒரு சிறு துண்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நோயாளியே முடிவு செய்ய விடுவது இருதரப்பிற்கும் நல்லது.

பெண்களின் நிலை இதனினும் கடினமானது. கணவர்க்கு நோய் என்றால் வீட்டுச் சமையலே மாறுகிறது. மனைவிக்கு நோய் என்றால் அவளே தனக்குத் தனியாக ஒரு பிடி சமைத்துக்கொள்கிறாள். பல வீடுகளில் அதுவும் இல்லை, எல்லோரும் உண்டபின் எஞ்சியது எதுவோ அதுவே உணவு. நடைப்பயிற்சிக்கு வெளியே செல்லத் தயக்கம். மகளின் திருமணப் பேச்சில் தாயின் நோய் குறையாகக் கூறப்படுமோ என்னும் அச்சத்தால் மறைப்பு. உழைச்செல்வாராகவே வாழ்நாளைக் கழித்தவர்க்கு உழைச்செல்வார் யார்?

நோன்பும் நோயாளியும்

ரமளான் மாதத்தில் இச்சுமை தனியொரு வடிவம் கொள்கிறது. 2001-இல் 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட நீரிழிவுடைய முஸ்லிம்களிடம் நிகழ்ந்த ஆய்வில், இரண்டாம் வகையினருள் நூற்றுக்கு 79 பேரும், முதல் வகையினருள் 43 பேரும் குறைந்தது 15 நாட்கள் நோன்பிருந்ததாகக் கூறினர். அம்மாதத்தில் கடுமையான சர்க்கரைத் தாழ்வு முதல் வகையினர்க்கு ஏறத்தாழ ஐந்து மடங்காகவும், இரண்டாம் வகையினர்க்கு ஏழரை மடங்காகவும் உயர்ந்தது. நோன்பு வேண்டாம் என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கும் மருத்துவர் இம்மக்களின் உள்ளத்தை அறியாதவர் என்பதையும், கேளாமலே நோன்பிருப்போர் தம் உடலை அறியாதவர் என்பதையும் அவ்வெண்கள் ஒருங்கே உணர்த்துகின்றன.

நோயுற்றோர்க்கும் பயணிகட்கும் சலுகை உண்டு என்பது அருள்மறையின் இரண்டாம் அத்தியாயம் 184, 185-ஆம் வசனங்களில் தெளிவாக உள்ளது. அதனை அறியாத முஸ்லிம் இலர். அறிந்தும் ஏற்க மனம் வராமையே இடர்ப்பாடு. நாமறிந்த முதியவர் ஒருவர், பதின்வயது முதல் ஒரு நோன்பும் விடாதவர், இன்சுலின் தொடங்கிய ஆண்டிலும் விடவில்லை. ஒருநாள் அஸர் தொழுகைக்குப்பின் ஹவுளின் ஓரத்தில் வியர்த்து, கை நடுங்கி அமர்ந்திருந்தார். உறங்குகிறார் என்றே பலரும் எண்ணினர். அருகிருந்த இளைஞர் ஒருவர் கண்டுணர்ந்து சர்க்கரை நீரைப் புகட்டியதால் உயிர் தப்பிற்று. அதன்பின் அவர் நோன்பை விட்டார். நோன்போடு பள்ளிவாசலையும் விட்டார். இஃப்தார் நேரத்தில் நோன்பில்லாதவனாக அங்கே எப்படி அமர்வேன் என்பது அவர் வினா. ஒரு சலுகை அவரைச் சமுதாயத்தினின்றே விலக்கிவிட்டது.

அவரைத் தேடி இல்லம் சென்றவர் இமாம். அறிவுரை ஏதும் கூறாமல் நெடுநேரம் அவர் பேசுவதைக் கேட்டிருந்தார் என்பர். பின்னர், கட்டளையிட்டவனே சலுகையும் தந்தான், ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுத்தல் அடிமைக்கு அழகன்று என்று மட்டும் கூறிவிட்டு, நோன்புக் கஞ்சி வழங்கும் பொறுப்பை ஏற்க ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். விடுபட்ட நோன்புகட்கு ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவை முதியவர் மனநிறைவோடு செலுத்தினார். உளவியல் நூல்கள் பல ஏடுகளில் விளக்கும் செய்தியை அவ்விமாம் ஒரு மாலைப் பொழுதிற் செய்து முடித்தார் என்று நாம் கருதுகிறோம். முதலிற் கேட்டார், பின் குற்ற உணர்வின் வேரைத் தொட்டார், முடிவில் இழந்த இடத்திற்கு ஈடாக வேறோர் இடத்தை அளித்தார்.

நோன்பிருக்க இயலுவோர்க்கும் துணை வேண்டும். பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு சார்ந்த வல்லுநர்கள் 2016-இல் வெளியிட்டு 2021-இல் புதுக்கிய நெறிமுறை, நோயாளியின் நிலைக்கேற்ப மதிப்பெண் இட்டு, குறைந்த இடர், நடுத்தர இடர், மிகுந்த இடர் என்று பகுக்கிறது. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழிறங்கினாலும் 300-க்கு மேல் ஏறினாலும் நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது அதன் அறிவுரை. விரலிற் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர் பலரின் கருத்தாக அதில் எடுத்துரைக்கப்படுகிறது. முறியும் என்று எண்ணிச் சோதனைக் கருவியையே தொடாதவர் நம்மூர்களில் இன்றும் உளர். இதனை மிம்பரிலிருந்தே சொல்லலாம்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியன சர்க்கரைத் தாழ்வின் குறிகள். அவையே அச்சத்தின் குறிகளும் ஆகும். ஒருமுறை தாழ்வினாற் பட்டவர் ஒவ்வொரு படபடப்பையும் தாழ்வென்றே கொண்டு, வேண்டாதபோதும் இனிப்பை உண்டு அளவை உயர்த்தியே வைத்துக்கொள்வர். கருவியால் அளந்து பார்த்து இரண்டையும் பிரித்தறியப் பழக்குவதே இதற்கு மருந்து. தாழ்வு உண்மையாயின் 15 கிராம் அளவு சர்க்கரை, பின் 15 நிமிடம் கழித்து மீண்டும் ஒரு சோதனை.

விதியை நொந்து மருந்தைக் கைவிடுவோர்க்கு, ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரை எல்லோரும் அறிந்ததே. ஸபுர் என்பதும் வாய்மூடிக் கிடத்தல் அன்று. துன்பத்தைச் சொல்லிக்கொள்வது பொறுமைக்கு மாறானது என்னும் தவறான எண்ணத்தால் எத்துணையோ பேர் வாய்திறவாமல் இருக்கின்றனர்.

கேட்கப்படாத கேள்வி

17 நாடுகளில் நிகழ்ந்து 2013-இல் வெளியான ஆய்வொன்றில் இந்தியாவும் இடம்பெற்றது. நீரிழிவு உடையோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் நோயால் மனச்சுமை மிகுந்திருப்பதாகக் கூறினர். உங்கள் வாழ்வை இந்நோய் எவ்வாறு பாதிக்கிறது என்று மருத்துவக் குழுவினர் தம்மைக் கேட்டதாகக் கூறியவர்களோ காற்பங்கினர்க்கும் குறைவு. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2016-இல் மனநலத்தை நீரிழிவு மருத்துவத்தின் பகுதியாகவே கொள்ளுமாறு மருத்துவர்களை வலியுறுத்திற்று. நம் மருத்துவமனைகளில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் இது எளிதன்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் "இந்நோயோடு வாழ்வதில் உங்களுக்கு எது மிகக் கடினம்?" என்னும் ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம் போதும்.

இரண்டு வாரத்திற்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, உறக்கக் கேடு, அழுகை, தன்னையே வெறுத்தல் ஆகியன நீடிப்பின் மனநல மருத்துவரை நாடுதல் வேண்டும். இறப்பை விரும்பும் எண்ணம் எழுமாயின் ஒருநாளும் தாழ்த்தலாகாது. அவ்வெண்ணம் ஹராம் என்பதனாலேயே நம்மவர் அதனை எவரிடமும் சொல்வதில்லை, கேட்பவரும் "இப்படியெல்லாம் பேசலாமா?" என்று வாயடைத்து விடுகின்றனர். பேசலாம் என்றே நாம் கூறுவோம். 2022 அக்டோபரில் மைய அரசு தொடங்கிய டெலி மானஸ் பணியை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைத்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீடுதேடி வந்து மாத்திரை அளிக்கின்றனர். அவர்களிடம் திண்ணையில் இருந்து பேசும் மூதாட்டியர், மருத்துவரிடம் சொல்லாத பலவற்றையும் சொல்கின்றனர். நோயாளியைக் காணச் செல்லுதல் முஸ்லிமுக்குரிய கடமைகளுள் ஒன்று என்று நாம் கற்பிக்கிறோம். படுக்கையில் வீழ்ந்தவரை மட்டுமே நோயாளி என்று கொள்வதால், நடமாடும் நீரிழிவாளரை அக்கடமைக்குள் நாம் சேர்ப்பதில்லை.

ஜமாஅத்துகள் ஆண்டுக்கொருமுறை நடத்தும் இலவச சர்க்கரைப் பரிசோதனை முகாம்களில் எண்ணைக் கூறி அனுப்புவதோடு நின்றுவிடாமல், நோயோடு பத்தாண்டு வாழ்ந்து பழகியவர் இருவர் மூவரைப் புதிதாக அறிந்தவரோடு அமரச் செய்யலாம். பெண்களுக்குத் தனி அமர்வும், அதில் பேசப் பெண் மருத்துவரோ செவிலியரோ ஒருவரும் வேண்டும். ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னரே மருத்துவரைக் காண வேண்டும் என்று மேற்கூறிய நெறிமுறை கூறுதலின், ஷஅபான் இறுதியில் வைக்கும் முகாமை ரஜப் மாதத்தின் முற்பாதிக்கு மாற்றிக்கொண்டால், மருந்தளவைத் திருத்தவும், நோன்பிருக்க இயலாது என்று அறிந்தவர் அதனை நெஞ்சில் ஏற்றுக்கொள்ளவும் நாட்கள் கிடைக்கும்.